பானைக்கு வெளியே தொங்கிய ஓலைகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து கால் மணி நேரம், பிறகு தலைப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் என்று ஒரு வழக்கம் உண்டு. யார் பெயரால் இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. நம் கூட்டங்களில் அவர் கடைசி வரிசையில்தான் உட்காருவார். எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது வந்து, "நல்லாப் பேசினீங்க. கேட்டவங்க என்ன சொன்னாங்க?" என்பார். பல தடவை எங்களிடம் பதில் இருந்ததில்லை. கேட்டவர்கள் கை தட்டினார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. இன்றைய உரை அவருடைய அந்தக் கேள்விக்கானது.

'நாங்கள்' என்று நாங்கள் சொல்வது ஏழு பேரை. கவின்கலைக் கல்லூரியில் படித்த இரண்டு பிள்ளைகள், ஒரு தையல்காரர், வலை பொத்துகிற ஒருவர், பனையோலை பின்னுகிற ஒரு அக்கா, ஒரு பள்ளி ஆசிரியர், பிறகு சமூகவியல் படித்துவிட்டு எல்லாவற்றிலும் தலையிடுகிற ஆள். கடைசி ஆள்தான் இப்போது உங்கள் முன் நிற்பது. ஏழு பேரும் சேர்ந்து பழைய வலை, ஈயக்குண்டு, ஓலை, மண்பானை, சாம்பல், மீன் செதில், துணி ஆகியவற்றைக் கொண்டு சில பொருட்களைச் செய்தோம். கலை உலகில் இதற்குக் 'கலப்பு ஊடகம்' என்று பெயராம். வலை பொத்துகிற அண்ணன் இந்தப் பெயரைக் கேட்டதும், "கலப்புன்னு பேரு வெச்சாலே நம்ம ஊர்ல வெட்டுக் குத்து ஆயிடுமே தம்பி" என்றார். சிரித்தோம். அவர் சொன்னது பாதி சரியாகவே நடந்தது.

காட்சி வைத்த இடம் அனுப்பம்பட்டு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூர் தாண்டினால் வருகிற ஊர், அடுத்து பொன்னேரி. ஏரிக்கரை அங்கிருந்து தள்ளிக் கிழக்கே இருக்கிறது. ஏரி மனிதர்களைப் பற்றிய காட்சியை ஏரிக்கரையில் வைக்காமல் அங்கே ஏன் வைத்தோம் என்று பலரும் கேட்டார்கள். கரையில் எந்த இடத்தில் வைத்தாலும் அது ஏதோ ஒரு குப்பத்தின் இடம். அந்தக் குப்பத்தின் அனுமதி வேண்டும், பிறகு அந்தக் குப்பத்தின் பேச்சாகவே அது ஆகிவிடும். யாருக்கும் சொந்தமில்லாத இடம் தேடினோம். கிடைத்தது அனுப்பம்பட்டுக் காலனியில் ஒரு சமுதாயக் கூடம். அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத இடம் அல்ல என்பது முதல் நாள் காலையிலேயே தெரிந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து வந்த சிலர் வாசலோடு நின்றுகொண்டார்கள். "உள்ள புழுக்கமா இருக்கும், வெளிய கொண்டாங்க, பாக்குறோம்" என்றார்கள். டீ நீட்டினால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இப்போதுதான் குடித்தோம். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்கே குடித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சமூகவியல் வகுப்பில் பல வாரம் படிப்பதை ஒரு டீத் தட்டு அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

ஏரியைத் தெரியாத மாணவர்களுக்காகச் சுருக்கமாக. பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம் பக்கம். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதே நூற்றாண்டில் இதே கரையிலிருந்து பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களையும் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு அதை யாரும் சொல்வதில்லை. தெற்கே எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையங்கள். அவற்றின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து கிடக்கிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை எதிர்த்து ஏரியும் கடலும் சார்ந்த கிராமங்கள் சேர்ந்து நிற்கின்றன. நாங்களும் அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள்தான். இதை முன்பே சொல்லிவிடுகிறோம். பின்னால் வருகிற சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

ஏரிக்குள் ஒரு முறை இருக்கிறது. பாடு என்பார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பரம்பரை மீனவக் குப்பங்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. பொதுவளத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவதற்கு நல்ல உதாரணம் என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டில் பொய் இல்லை. பணமுள்ளவன் ஏரியை வாரிக்கொண்டு போகாமல் அது காத்திருக்கிறது. ஆனால் சீட்டில் பெயர் வர ஒரு சாதியில் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரியில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிற தலித் மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை. இது குறித்து நீண்ட காலமாக வழக்கும் தகராறும் உண்டு.

நாங்கள் இதைத்தான் ஒரு பொருளாகச் செய்தோம். கழுத்து குறுகிய மண்பானை. அதற்குள் ஓலைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் எழுத்தாணியால் ஒரு படகு. பானையின் கழுத்தைச் சுற்றி நைலான் நூலில் கோத்துத் தொங்கவிட்ட இன்னொரு வரிசை ஓலைகள். அவற்றில் எதுவும் இல்லை, வெற்று ஓலை. பார்ப்பவர் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கலாம். யார் எடுத்தாலும் படகு வரும். வெளியே தொங்குவது ஒருபோதும் வராது. சாவி சாவர்க்கரின் ஓவியங்களில் கழுத்தில் மண்கலயமும் முதுகில் துடைப்பமுமாக நிற்கிற தீண்டப்படாதவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பேஷ்வாக்களின் பூனாவில் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கலயம், காலடித் தடத்தை அழிக்கத் துடைப்பம் என்று அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பில் எழுதியது அது. எங்கள் பானையின் கழுத்தில் ஓலையைக் கட்டியபோது எங்கள் மனதில் அதுதான் இருந்தது. இதைப் பார்க்கிறவர்களும் அப்படியே படிப்பார்கள் என்று நம்பினோம்.

முதலில் வந்து கையை விட்டவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். படகுச் சீட்டை எடுத்தவர், "அடடா, குடவோலை! உத்திரமேரூர்! உலகத்துக்கே நாமதான் ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்" என்று மகிழ்ந்துபோனார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. பானையும் ஓலையும் என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதானே. வழியில்லாமல் அவருக்குக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. ஓலையில் பெயர் எழுதத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் பகுதிகள் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபையின் குழுத் தேர்தல். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அங்கயும் வெளிய தொங்கினதுங்க இருந்திருக்கும்" என்றார். பிறகு பானையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் பாட்டுக்காகச் செய்த பொருளை உத்திரமேரூருக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். செய்தவர்களைவிடப் பார்த்தவர் ஒரு படி முன்னால் போன முதல் சம்பவம் இது.

பதினொரு மணி வாக்கில் ஏரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்தவர் என்பதை அவருக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டும். பானையில் கை விடவில்லை. தொங்குகிற ஓலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "போர்ட்டுக்கு எதிரா ஒண்ணா நிக்கணும்னு எங்களைக் கூட்டியாந்து, இங்க எங்களையே குத்தவாளியா நிறுத்துறீங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வரத் தொடங்கியது. கூட்டுப் போராட்டத்தில் இருக்கிற நண்பர்கள். இப்போது இது தேவையா, எதிரிக்கு அவல் கொடுக்கிறீர்களே என்றார்கள். நாங்கள் கூடத்துக்குப் பின்னால் நின்று பேசினோம். அரை மணி நேரம் கழித்து வந்து, பானையின் மேல் ஒரு நீலத் துணியைப் போட்டு மூடினோம்.

ஆம், மூடினோம். இதை மறைத்துவிட்டு உங்கள் முன் நிற்க முடியாது. நீலத்தைக் கொண்டே மூடினோம் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. கையில் கிடைத்த துணி அது.

மூடிய பானை மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தது. மற்றப் பொருட்களைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் துணியைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். "உள்ள இன்னா?" என்பார்கள். "வேலை முடியலை" என்று ஆசிரியத் தோழர் பொய் சொன்னார். பொன்னேரியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவிதான் துணியை எடுத்தார். அனுமதி கேட்கவில்லை. எடுத்து, மடித்து, எங்களிடமே கொடுத்தார். "பேப்பர்ல தீண்டாமைன்னு எழுதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்" என்றார்.

அதன்பிறகு நடந்த பேச்சைத்தான் உங்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். பிற்பகல், காற்றில்லை, முப்பது பேருக்கு மேல். பெரியவர் இன்னும் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே வந்தார். நம் பக்கத்தில் நண்டு பிடிக்கிற ஒரு தாத்தா. அவர் பெரியவருக்குப் பதில் சொல்லவில்லை, எங்களைத்தான் கேட்டார்: "எங்களைப் பானைக்குள்ள போடணும்னு யாரு கேட்டது? முகத்துவாரம் தூந்துபோச்சு. தண்ணியே வரல. வத்துன பானைக்குள்ள எனக்கு எடம் குடுத்தா நான் இன்னா பண்றது?" பெரியவர் தலையாட்டினார். எங்களுக்கு உள்ளுக்குள் நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். சண்டை துறைமுகத்தின் பக்கம் திரும்புகிறதே என்று. அப்போது ஓரத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு அக்கா, "வத்துனாலும் வத்தலன்னாலும் எம் பேரு இருக்கணும் தாத்தா. நாளைக்கி கெவர்மெண்டு நஷ்டஈடு குடுத்தா பேரு இருக்கறவனுக்குத்தானே குடுப்பான்?" என்றார்.

கூடம் அமைதியாகிவிட்டது. ஏழு பேர் எட்டு மாதம் உட்கார்ந்து யோசித்த குறியீட்டில் இந்த ஒரு விஷயம் இல்லை. நாங்கள் ஏரியில் உரிமை, மானம், சமத்துவம் என்று யோசித்தோம். அவர் பட்டியலை யோசித்தார். ஏரி அழிந்தால்கூட அதன் அழிவுக்கான பங்கும் பழைய சீட்டின்படிதான் பிரியும். பெரியவர் இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. தாத்தாவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்தது. சில வார்த்தைகள் தடித்தன, ஒரு பையன் எழுந்து போய்விட்டான். எந்த முடிவும் வரவில்லை. கிளம்பும்போது பெரியவர் எங்களிடம், "பேச வேண்டியதுதான். ஆனா போர்டு வெச்சுப் பேசக்கூடாது" என்றார். போர்டு என்று அவர் சொன்னது கலைப்படைப்பை. அடுத்த நாள் அவர் டீ குடித்தார் என்று சொல்லத்தான் எங்களுக்கும் ஆசை. அவர் வரவில்லை.

இன்னொரு பொருள், பறி. இருளப் பெண்கள் இறால் தடவும்போது பல்லில் கடித்துக்கொள்கிற ஓலைப் பை. இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போட வாயில் பறி. எம். பழனி குமார் எடுத்த படங்களில் அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாங்களும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தொடங்கினோம். தெரிந்த ஒரு ஆயாவிடம் அவருடைய பழைய பறியை வாங்கி, அதில் அனல் மின் நிலையச் சாம்பலை நிரப்பி, கண் மட்டத்தில் தொங்கவிட்டு, கீழே ஒரு விளக்கு. அழகாகத்தான் இருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் முதலில் படமெடுத்ததும் அதைத்தான்.

ஆயா மத்தியானம் வந்தார். தன் பறியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மா இது, சாமி மாதிரி தொங்கவுட்டுட்டீங்க?" அவிழ்த்து எடுத்து, சாம்பலைத் தரையில் கொட்டிவிட்டு, வாயில் கடித்துக் காட்டினார். குனிந்து, இரண்டு கைகளையும் சிமெண்டுத் தரையில் தடவிக்கொண்டு நாலடி நகர்ந்தார். பிறகு வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இத்தக் கடிச்சிக்கினா பேச்சு வராது. தண்ணியில எறங்குனா கரையேறுற வரிக்கும் ஊமைதான்" என்றார். கையை நீட்டினார். விரல்களில் ஓட்டாஞ்சிப்பியும் கண்ணாடியும் கிழித்த கோடுகள். "சாம்பலைப் போட்டீங்க, சரி. கையி எங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் கை இல்லை. கையை நாங்கள் நினைக்கவே இல்லை.

கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிற பிராமணர்கள், தரவு கொடுக்கிற சூத்திரர்கள் என்ற பிரிவினை இருக்கிறது என்றார். அதைப் படித்து எங்கள் தலைமுறை நிமிர்ந்தது. ஆனால் அன்று அனுப்பம்பட்டில் ஆயாவின் அனுபவத்தை வாங்கி அர்த்தம் செய்தவர்கள் யார்? நாங்கள். அவர் பறி கொடுத்தார், நாங்கள் குறியீடு செய்தோம். படித்த தலித்துகளாகிய நமக்கும் இருளருக்கும் நடுவில் அதே பிரிவினை உட்கார்ந்துகொள்ள எட்டு மாதம் போதுமாக இருந்தது. கசப்பான விஷயம், ஆனாலும் நம் இலக்கியக் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை நாம் கேள்வி கேட்டோம். நமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி நாம் செய்வதை அவர்கள் கேள்வி கேட்க இடம் வைத்திருக்கிறோமா?

இடம் என்று சொல்லும்போது நடைமுறையாகவே சொல்கிறோம். முதல் நாள் நாங்கள் வைத்தது ஒரு கருத்துப் பதிவேடு. நோட்டும் பேனாவும். மாலையில் பிரித்தால் 'அருமை', 'வாழ்த்துகள்', 'சமூக நீதி வெல்க' என்று இருந்தது. ஆயா சொன்னது அதில் இல்லை, நண்டுத் தாத்தா சொன்னது இல்லை. எழுதத் தெரிந்தவர்களின் கருத்து மட்டும், அதிலும் எழுதத் தகுந்தது என்று அவர்கள் நினைத்தது மட்டும். பிரான்சில் பியர் பூர்தியுவும் அலன் தர்பெலும் அருங்காட்சியகம் போகிறவர்களை ஆராய்ந்து 1966இல் ஒரு நூல் எழுதினார்கள். வாசலில் யாரும் தடுக்காமலே, இது நமக்கான இடமில்லை என்று உழைக்கும் மக்கள் தாங்களாகவே ஒதுங்கிப்போவதை அது காட்டியது. நம்மூரில் வாசலிலும் தடுத்தார்கள் என்பது கூடுதல். இரண்டாம் நாள் நோட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒரு ஆளை உட்கார வைத்தோம். ஒரே விதி: செய்தவர் விளக்கம் சொல்லக்கூடாது, பார்ப்பவர் பேசி முடிக்கும்வரை. மிகவும் கஷ்டமான விதி. சமூகவியல் படித்த ஆளால் பத்து நிமிடம் தாங்க முடியவில்லை. அவரை டீ வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மீன் செதிலில் செய்த அம்பேத்கர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுதான் அதிகம் பேர் பார்த்தது. குடும்பம் குடும்பமாக நின்று செல்ஃபி எடுத்தார்கள். நாங்கள் பூரித்துப்போனோம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் இரண்டாம் நாள் என்ன கேட்டாய் என்றால், "சூப்பர்னாங்க" என்பதோடு சரி. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தோடு நிற்பதே பலருக்கு ஒரு சொல்தான். 1927இல் மகத் குளத்தில் கை வைத்த மனிதரோடு ஏரிக்காரர்கள் நிற்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. மிகவும் பிடித்த பொருளிடமிருந்து மிகக் குறைவாகக் கற்றோம்.

வெளியே இதெல்லாம் நடக்காமல் இல்லை. கேரளத்தின் சஜன் மணி, ரப்பர் வெட்டிய குடும்பத்திலிருந்து வந்தவர், ரப்பர் தாளின் மேலேயே தன் வேலையைச் செய்கிறார். சென்னையில் வானம் கலைத்திருவிழாவில் தலித் கலைஞர்களின் வேலைகளைப் பார்க்க இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். எங்களுக்கு நெருக்கமாக இருப்பது யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன் செய்தது. போருக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், 2004இல், எரிக்கப்பட்டு மீண்டும் கட்டிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், வீடுகளிலிருந்து ஐந்நூறு பேர் கொடுத்த பொருட்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்தவர்களே கொடுத்தவர்களும் ஆனார்கள். அதைப் பற்றிப் படித்தபோது, சாதியால் நூலகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வீடுகளிலிருந்து என்னென்ன வந்திருக்கும் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. குற்றம் சொல்லக் கேட்கவில்லை. எங்கள் கேள்வி அப்படித்தான் எழும்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஆயா வந்தார். கூடம் திறக்கவில்லை, வெளியே உட்கார்ந்திருந்தார். "தண்ணி எறங்குது. புதுப் பறி இன்னும் பின்னல. அத்தக் குடு" என்றார். கொடுத்தோம். சாம்பல் முழுதும் போகவில்லை, குழாயடியில் கழுவிக்கொண்டு போனார். அன்று பறி தொங்கிய இடத்தில் வெறும் கயிறுதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த தையல்காரத் தோழர், கேட்டவர்களிடமெல்லாம் "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பானையை இன்று இங்கே கொண்டுவந்திருக்கிறோம். வலது பக்க மேசையில் இருக்கிறது, துணி இல்லாமல். ஓலைகளில் சில உடைந்திருக்கின்றன, மாற்றவில்லை. கிளம்புவதற்கு முன் போய்ப் பாருங்கள், கையை விடுங்கள். பக்கத்தில் வலை பொத்துகிற அண்ணன் உட்கார்ந்திருப்பார். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லுங்கள். அவர் விளக்கம் எதுவும் தரமாட்டார். நோட்டு வைக்கவில்லை.